ஆறப்போட்ட வாசக்கால்

இந்தப் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்க வந்த பெயிண்டர், எங்கள் வாசக்காலின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, இங்க பூராப் பொரிப்பொரியா இருக்குதுங்க. பட்டி வெச்சுத் தேச்சுட்டா வழுவழுன்னு ஆயிருமுங்க" என்றார். வேண்டாம் என்றேன். தொழில் தெரிந்த மனிதர், மனசு கேட்காமல் இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரமும் வேண்டாம் என்றேன். காலையில் கோலம் போட்டுவிட்டு எழும்போது நான் பிடித்துக்கொண்டு எழுவது அந்த இடத்தைத்தான். அம்மைத் தழும்பு மாதிரி அந்தப் பொரிகள் உள்ளங்கையில் படும். அவை எப்படி வந்தன என்று பெயிண்டரிடம் சொல்லப்போனால் அவருக்கு அன்றைய வேலை கெட்டிருக்கும்.

எங்கள் வீடு சரவணம்பட்டியில், ஐ.டி. கம்பெனிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தூண், உத்தரம், மாடிப்படி, கூரைச் சட்டம் எல்லாமே இரும்பு. கட்டுகிற காலத்தில் அந்த வழியாகப் போனவர்கள் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, இங்க குடோன் வருதுங்களா?" என்று கேட்டார்கள். ஒருவர் பெட்ரோல் பங்க் வருகிறதா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. "ஊடுங்க, ஊடு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நான்தான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

அவருக்குக் கணபதியில் பேப்ரிகேஷன் பட்டறை. மில்லுகளுக்கும் குடோன்களுக்கும் இரும்புக் கூரை போட்டுக் கொடுப்பதுதான் தொழில். கோயமுத்தூரில் பாதி மில்லுக்குக் கூரை போட்டது தான்தான் என்று விருந்தாளிகளிடம் சொல்வார். பாதி என்பது கொஞ்சம் அதிகம். ஆனால் ஊருக்கெல்லாம் இரும்பை நிறுத்திவிட்டுத் தனக்கென்று ஒரு வீடு நிறுத்தவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் சாதத்தை ஒதுக்கி விரலால் வீட்டுப் படம் வரைவார். குழம்பு ஊற்றக் காத்திருக்கிற எனக்கு எரிச்சலாக வரும்.

என் அண்ணனுக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் அறுக்கிற மில். எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அப்பா போன பிறகு என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். மரக்காரர் வீட்டுப் பெண்ணை இரும்புக்காரருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எந்தக் கல்யாணப் பந்தியிலும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ரசம் வருவதற்குள் ஆரம்பித்துவிடும்.

"மரத்துக்குக் காய்ச்சல் வருமுங்க மச்சான். மழை பேஞ்சா வீங்கிக்கும், வெயிலடிச்சா சுருங்கிக்கும். ஊட்டுக்கு ஒரு நோயாளிய எதுக்குங்க கூட்டிட்டு வரோணும்?" என்பார் இவர்.

"இரும்பு தீயில கொழகொழன்னு போயிருமுங்க மாப்ளெ. மரம் மேல கருகுனாலும் உள்ள நிக்குமுங்க. நின்னு ஆள வெளிய அனுப்பிச்சுட்டுத்தான் உழுகும்" என்பார் அண்ணன்.

பரிமாறுகிறவர்கள் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இத்தனை ஓரியாட்டத்திலும் ஒருவருக்கொருவர் 'ங்க' போடாமல் பேசியதே இல்லை. அந்த மரியாதைதான் எனக்குப் பயத்தைத் தரும். எங்கள் பக்கத்து ஆட்கள் கத்திவிட்டால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். மரியாதை கூடிக்கொண்டே போனால் உள்ளே எங்கேயோ காயம் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இவருக்கு மரத்தின் மேல் கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்தில் பழைய ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். எனக்கு அந்த வீடு பிடிக்கும். சாயங்காலம் வெயில் இறங்கினால் விட்டமும் சட்டமும் மெல்ல முறுகிச் சத்தம் போடும், யாரோ பெரியவர் கால் நீட்டிச் சோம்பல் முறிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால் அடுப்புப் பற்றவைப்பேன், இவர் பட்டறையிலிருந்து வருகிற நேரம் அது. ஆனால் ஒருநாள் பீரோவுக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டியைத் திறந்தபோது கல்யாணப் பட்டுப்புடவை செல்லரித்துத் தூளாக இருந்தது. கையில் எடுத்தால் ஜரிகை மட்டும்தான் வந்தது. உத்தரம் வரைக்கும் செல்லு ஏறியிருந்தது. நான் அழுததைப் பார்த்துவிட்டு இவர் அன்றைக்கே சொல்லிவிட்டார், "நான் ஊடு கட்டுனா அதுல ஒரு குச்சி மரம் இருக்காது" என்று. சொன்னதை மறக்கிற ஆள் இல்லை.

சிக்கல் வந்தது வாசக்காலில்தான். எங்கள் வகையறாவில் பெண் புதுவீடு கட்டினால் தலைவாசலுக்கு வாசக்கால் பிறந்த வீட்டுச் சீராக வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து இறக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, நல்ல நேரத்தில் நிறுத்துவார்கள். அண்ணன் அதற்கென்று என் கல்யாண வருஷத்திலேயே ஒரு வேங்கை மரத்தை மில்லில் ஒதுக்கி வைத்திருந்தார். யார் வந்து கேட்டாலும், "அது எங்க அம்மணி ஊட்டு மரமுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். நான் எப்போது போனாலும் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். வீடே இல்லாதவளுக்கு வாசக்கால் மட்டும் தயாராக இருந்தது.

இடம் வாங்கி, இவர் படம் போட்டு, தூண்கள் எழும்பத் தொடங்கியபோது எனக்குத் தூக்கம் போனது. இவர் சொல்வதில் நியாயம் இருந்தது. வருஷக்கணக்காக நினைத்த வீடு. அண்ணன் ஒதுக்கி வைத்த மரத்திலும் நியாயம் இருந்தது. பிறந்த வீட்டு வாசக்கால் இல்லாத வாசலில் எப்படிக் காலெடுத்து வைப்பேன், அண்ணன் அந்த வாசலுக்கு எந்த முகத்தோடு வருவார் என்பதுதான் என் கவலை. இரும்பா மரமா என்பதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு அண்ணன் வர வேண்டும்.

இவரிடம் கேட்டேன். "தலைவாசல் ஒண்ணு மட்டும் மரமா இருந்துட்டுப் போகட்டுமுங்களே."

"ஏம்புள்ளெ, செல்லு தலைவாசல் வழியாத்தான வரும்?" என்றார்.

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். மில்லில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மாதிரி விஷயத்தைக் கத்திச் சொல்வது மாதிரி கொடுமை வேறு இல்லை. அண்ணன் ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, "என்ன அம்மணி சொன்ன?" என்று கேட்டார். கேட்டிருந்தது, இருந்தாலும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். கொஞ்ச நேரம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி கண்ணு. மாப்ளெ ஊடு, மாப்ளெ இஷ்டம்" என்றார். "ஆனா வாசக்கால் நான்தான் கொடுப்பேன். இரும்புன்னா இரும்பு."

மறுநாள் கணபதிப் பட்டறைக்கு ஒரு கிராக்கி மாதிரி வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலில் மரத்தூள். இவர் பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டாராம். "உட்கார வரலீங்க மாப்ளெ. எந்தங்கச்சி ஊட்டுக்கு ஒரு வாசக்கால் வேணுமுங்க. அளவு நீங்களே சொல்லுங்க" என்றாராம். இவர் அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, தட்டில் வீட்டுப் படம் வரையாமல் சாப்பிட்டு எழுந்தார். ஜெயித்த மனிதர் மாதிரி இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. வாசக்கால் வெல்டிங் ஆகிறவரை அண்ணன் தினமும் பட்டறைக்கு வந்தார். மரத்தைப் பார்க்கிற மாதிரி இரும்பை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார். மூலையைத் தடவி, "இங்க இழைப்புப் பத்தலீங்க" என்பார். பட்டறை ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வேலை முடிந்த சமயத்தில் இவர் பெருந்துறையில் ஒரு கூரை வேலைக்குப் போயிருந்தார். துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்ஸைடு அடிக்க டப்பாவைத் திறந்த ஆளை அண்ணன் தடுத்துவிட்டார். "மஞ்ச வெக்கறதுக்கு முன்னாடி பெயிண்ட் படக்கூடாதுங்க. அப்படியே கொடுங்க, எங்க மில்லுல ஆறட்டும்" என்று சொல்லி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மரம் அறுத்தால் ஆற வேண்டும். பச்சையாக நிறுத்தினால் கோணிக்கொள்ளும். அது எனக்கும் தெரியும். இரும்பு எதற்கு ஆற வேண்டும்? ஆனால் அண்ணனுக்கு வாசக்கால் என்று வந்துவிட்டால் அது இரும்பு இல்லை, வாசக்கால். நிழலான மூலையில் மரத்தூளை மெத்தை மாதிரி பரப்பி, அதன்மேல் அதைப் படுக்கவைத்து, வெடிப்பு விடக்கூடாது என்று நல்ல மரத்துக்குச் செய்கிற மாதிரி ஈரச் சாக்கைப் போர்த்தியிருக்கிறார். சாக்குக் காயக் காயத் தண்ணீர் தெளித்திருக்கிறார். ரம்பத்துக்குத் தினமும் தன் கையால் எண்ணெய் போடுகிற மனிதர் அவர். துரு என்றால் என்னவென்று தெரியாதவர் இல்லை. பிரியம் கண்ணை மறைக்கும் என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

வாசக்கால் நிறுத்துகிற நாள் வந்தது. சுவர் இன்னும் எழும்பவில்லை. இரும்புத் தூணும் கூரையும் மட்டும் நின்றன. நடுவில் காற்று தாராளமாகப் போய்வந்தது. ஒறம்பரைச் சொந்தமெல்லாம் பவானி, கோபி என்று பல பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். இவருடைய வாடிக்கைக்கார மில் முதலாளிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பவானியிலிருந்து வந்த ஜமக்காளத்தை விரித்து எல்லாரையும் உட்கார வைத்திருந்தோம். அண்ணனின் டெம்போ வந்து நின்றது. பூ, பழம், தேங்காய்த் தட்டுகளோடு அண்ணனின் மனைவி முன்னால் இறங்கினார். நான் அவரை நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். ஆட்கள் சாக்குச் சுற்றிய வாசக்காலை இறக்கி ஜமக்காளத்துக்கு முன்னால் வைத்தார்கள். அண்ணனே முடிச்சை அவிழ்த்துச் சாக்கை விலக்கினார்.

மேலிருந்து கீழ்வரை துரு. அடிப்பக்கத்தில் மரத்தூள் ஒட்டி அப்படியே காய்ந்து, பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. ஏதோ ஓடையிலிருந்து தோண்டி எடுத்த மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். தன் பட்டறை இரும்பு, தன் வாடிக்கைக்காரர்கள் முன்னால், தன் வீட்டு வாசலில். அண்ணனைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறந்த வீட்டுச் சீர் இந்தக் கோலத்திலா என்று பெண்கள் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. அந்த நிமிஷம் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. நங்கையா மட்டும் மறுபடி டெம்போவிடம் போய், வண்டிக்குள் விரித்திருந்த தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அவமானம் தாங்காமல் ஒதுங்கி நிற்கிறார் என்று நினைத்தேன்.

கோபியிலிருந்து வந்த மாமா ஒருவர் தொண்டையைச் செருமினார். "இரும்புன்னா இதுதானுங்க. ஒரு மரமா இருந்திருந்தா இந்நேரம் நிறுத்தியிருக்கலாம்."

அத்தனை பேரும் அண்ணனைப் பார்த்தார்கள். இத்தனை வருஷப் பந்திச் சண்டைக்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நான் அப்பவே சொன்னேனுங்களே' என்றிருந்தால் தீர்ந்தது.

"இரும்பு மேல குத்தமில்லீங்க மாமா" என்றார் அண்ணன். "மரத்துக்குப் பண்ற பண்டுதத்த நாந்தான் அதுக்குப் பண்ணிப்போட்டேன். இரும்பு நல்ல இரும்புங்க. தேச்சா வந்துரும்."

சொல்லிவிட்டு டெம்போ டிரைவரிடம் உப்புத்தாள் வாங்கி, புது வேட்டியோடு தரையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். இவர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டறையிலிருந்து தேய்க்கிற மெஷின் கொண்டுவர ஆள் அனுப்ப நேரமில்லை, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வாசக்காலின் இரண்டு காலையும் தேய்த்தார்கள். மேலேயிருந்து ஆரம்பித்ததால் அடிப்பக்கம் முழுசாக முடியவில்லை. குத்துவிளக்குக்கு வாங்கி வைத்திருந்த தேங்காயெண்ணெயை நான் கொண்டுவந்து ஊற்றினேன். இவர் துண்டால் துடைத்தார். அந்த எண்ணெயில் மஞ்சள் நன்றாகப் பிடித்துக்கொண்டது. சுவரே இல்லாத வீட்டில் வாசக்காலைத் தூக்கி நிறுத்தியபோது, அண்ணனின் வேட்டி முழுக்கச் செம்பொடி. பிந்தி வந்த ஓர் அம்மா, "ஏனுங்க, இதுக்குள்ள குங்குமம் கொட்டிப்போட்டீங்களா?" என்று கேட்டார். அதுவரை அடக்கிவைத்திருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

அந்த வேங்கை என்னவாயிற்று என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "அது அப்பவே போயிருச்சு கண்ணு" என்று பேச்சை மாற்றிவிட்டார். நானும் யாரோ நல்ல விலைக்கு வாங்கிப் போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசக்காலின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். வேங்கையைத் தட்டின அதே தட்டு. "நல்லா ஆறிப்போச்சுங்க மாப்ளெ" என்பார். "நீங்க போர்த்துன சாக்கு அப்படிங்க மச்சான்" என்பார் இவர். வருஷம் பூராவும் இதே கேலிதான். நான் காபி கலக்கும்போதே சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பந்தியில் இரும்பா மரமா என்ற பேச்சு அதன்பின் வரவில்லை. பரிமாறுகிறவர்களுக்கு நிம்மதி.

போன வருஷம் அண்ணன் போய்ச் சேர்ந்தார். நோய் நொடியென்று யாரையும் படுத்தவில்லை. காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, இவர் உள்ளே நுழையுமுன் வாசக்காலில் ஒரு தட்டுத் தட்டினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

சில மாதம் கழித்து நங்கையா கூப்பிட்டார். மில் ஷெட்டுக்குப் புதுத்தரை போடுவதற்காகப் பொருளையெல்லாம் நகர்த்துகிறார்கள், ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்க என்றார். இரண்டு பேரும் போனோம். பின்சுவரோரம், பிளைவுட் அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து ஆட்கள் எதையோ இழுத்து வைத்திருந்தார்கள். தார்ப்பாய் சுற்றியிருந்தது. நங்கையா அதை விலக்கினார்.

வேங்கை வாசக்கால். இழைத்து, மூலை பொருத்தி, முழுசாக முடித்த வாசக்கால். மேல்சட்டத்தின் நடுவில் மஞ்சள் காய்ந்து கறையாக இருந்தது.

"அன்னைக்கு டெம்போல இதுவும் வந்துச்சுங்க" என்றார் நங்கையா. "மாப்ளெகிட்ட வாங்கின அளவுலயே இதையும் பண்ணிவெச்சிருந்தாருங்க. இரும்புக்கு மஞ்ச வெக்கக்கூடாதுன்னு பெரியவங்க யாராச்சும் சொல்லிப்போட்டா அந்நேரத்துக்கு எங்க ஓடறதுன்னு, கையோட ஏத்திக்கிட்டாரு. நாந்தான் வெடியால எந்திரிச்சதும் மஞ்ச வெச்சேன். அந்தத் துருவப் பாத்ததும், எறக்கிரலாமுங்களான்னு தார்ப்பாயப் புடிச்சுட்டு நின்னேன். உங்கண்ணன் வேண்டாம்னு தலைய ஆட்டிப்போட்டாருங்க."

இவர்தான் கேட்டார். "ஏனுங்க?"

"ஊட்டுக்கு வந்து நானும் அதையேதான் கேட்டேனுங்க. 'மாப்ளெ எத்தன வருசமா நெனச்சுக் கட்டுற ஊடு அது. அத்தன பேர் முன்னாடி அவரத் தோக்கடிச்சுப் போட்டு வந்தா, அந்த ஊட்டுலதான எங்க அம்மணி காலம் பூரா இருக்கோணும்'னாருங்க."

இவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிற டேப்பை எடுத்தார். உயரம் அளந்தார், அகலம் அளந்தார். அளக்க வேண்டியதே இல்லை, அவர் கொடுத்த அளவுதான். டேப்பை மடக்கிப் பையில் போட்டுவிட்டு, துண்டை எடுத்து மேல்சட்டத்திலிருந்த தூசியை, மஞ்சள் கறையில் படாமல் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணா, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். சொல்லியிருந்தால் நான் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனா என்றும் தோன்றியது.

"இதை நான் எடுத்துக்கலாமுங்களா?" என்று இவர் நங்கையாவிடம் கேட்டார்.

தலைவாசலில் அண்ணன் தேய்த்த இரும்பு அப்படியேதான் நிற்கிறது. கொல்லைப்பக்க வாசலில் இருந்த இரும்பை இவரே அறுத்தெடுத்துவிட்டு, வேங்கையை நிறுத்தினார். ஒரு குச்சி மரம் இருக்காது என்று சொன்ன வீடு. செல்லு வருமே என்று நான்தான் கேட்டேன், அவர் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மட்டும் புது மரம், இன்னும் சரியாக ஆறவில்லை. மழை பிடித்தால் வீங்கி இறுகிக்கொள்கிறது. துணி எடுக்க அவசரமாகப் போகும்போது திறக்காது. போன ஐப்பசி மழையில் நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் இழைத்துவிடச் சொல்லி இவரைக் கூப்பிட்டேன். வந்து தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். கதவு அசையவில்லை. இதற்குத்தான் மரம் வேண்டாம் என்றேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

அவர் வாசக்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சித்த நேரம் பொறு புள்ளெ. மச்சான் வந்திருக்காரு" என்றார்.